தோதுப்பட்டால் வருகிறேன்

செயின்ட் பால்
மார்ச் 11, 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்னா எழுதுவது. இங்கே நானும் நீலும் சௌக்கியம். உன் முழங்கால் வலி குளிரோடு போய்விட்டதா, இல்லை கோடைக்கும் தங்கப்போகிறதா?

தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீயும் நானும் அதை எடுத்தால் எவ்வளவு பனி பெய்தது என்பதைத் தாண்டிப் போனதில்லை. கடிதத்தில்தான் நமக்கு வாய் திறக்கிறது.

இதோடு ஒரு கட்டுத் தாள் வரும். அடுப்பில் போட்டுவிடாதே. கூட்டத்துக்கு நாள் குறிக்கிற இணையப் பக்கம் ஒன்றை எங்கள் அலுவலகம் செய்து விற்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஒருவர் நான்கைந்து நாட்களைப் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார். மற்றவர்கள் எந்த நாள் ஆகும், எது ஆகாது என்று அழுத்தி அனுப்ப வேண்டும். சர்ச் குழுக்களும் பள்ளிக்கூடக் குழுக்களும் ஆசையாக வாங்கினார்கள். இப்போது ஒரே புகார். பக்கம் பத்துப் பேர் வருவார்கள் என்கிறது. நாற்காலி போட்டுக் காப்பி வைத்தால் வருவது மூன்று பேர். எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

திரையைத் தாளில் வரைந்து ஆட்களிடம் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். தாள் என்றால் திட்டவும் கிறுக்கவும் யாரும் தயங்குவதில்லை. நீயும் பென்சிலால் பொத்தானை அழுத்து. மனதில் ஓடுவதை ஓரத்தில் முணுமுணுப்பதுபோல எழுது. என்னிடம் மட்டும் எதுவும் கேட்காதே. சோதனை நடத்துகிறவள் உதவி செய்யக் கூடாது, அதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலையில் இறங்கியதிலிருந்து அம்மா ஞாபகம்தான். ஏரி உறைவதற்குள் படகுத்துறையைக் கழற்றிக் கரையேற்ற ஒவ்வொரு வருஷமும் நாள் குறிப்பாளே, சமையலறைச் சுவரில் தொங்கிய அந்தப் பச்சைத் தொலைபேசியில். பெரியப்பா வீடு, அத்தை வீடு, பக்கத்து லுண்ட் வீடு என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். அந்த நீளமான சுருள் கம்பிக்குக் கீழே குனிந்து குனிந்து நாம் போவோம். அம்மா குறித்த நாளில் ஆள் குறைந்ததே இல்லை.

கடைசியாக வைத்திருப்பதுதான் முக்கியமான சேதி. நீலும் நானும் அக்டோபர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, இங்கே சர்ச்சில் கல்யாணம் செய்துகொள்கிறோம். ஐம்பத்து மூன்று வயதில் எதற்கடி என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். அப்பா இல்லை. என் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அழைத்துப் போக நீதான் வர வேண்டும். வேறு யாரையும் நான் கேட்கப்போவதில்லை.

கழுத்தில் துண்டில்லாமல் வெளியே போகாதே.

உன் தங்கை,
மார்னா

*

ரீட் ஏரி
மார்ச் 25, 2007

அன்புள்ள மார்னாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்காலும் சௌக்கியம், ஆனால் இரண்டும் ஒரே நாளில் சௌக்கியமாக இருப்பதில்லை. ஏரியில் இன்னும் ஒரு வண்டி நிற்கிற அளவுக்குப் பனிக்கட்டி இருக்கிறது.

கல்யாணச் சேதி கேட்டு டோரீன் லுண்ட் வீட்டுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீல் அந்தச் சிவப்புக் கம்பளித் தொப்பியை இன்னும் போட்டுக்கொண்டு திரிகிறாரா?

உன் தாள்களைப் பார்த்தேன். முதல் தாளில் மேல் மூலையில் ஒரு கடிகாரம். அது எதற்கு? கீழே ஓரத்தில் 'உதவி' என்று இருக்கிறது. அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை, தாள்தானே. இடது பக்கம் ஒரு பெண் சிரிக்கிறாள். அவளுக்கு இந்தக் கூட்டத்தில் என்ன வேலை? மற்றபடி சுமார்.

அக்டோபர் ஆறு தோதுப்பட்டால் வருகிறேன். கால்பந்துப் பருவம், உனக்குத் தெரியாததா. சனிக்கிழமை ஆட்டம் வெளியூரில் விழுந்தால் பையன்களைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிப் போக என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அலுவலகத்தில் வாயைப் பொத்தி உட்காருகிறாயாம். அதற்குச் சம்பளம் கொடுக்கிறவர்களை நான் பார்க்க வேண்டும்.

அண்ணன்
லோவெல்

*

செயின்ட் பால்
ஏப்ரல் 15, 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் தாள்களைப் பார்த்து என்னோடு வேலை செய்யும் மாய் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கிற அந்தப் பெண்ணை எடுத்துவிட்டோம்.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது. கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பொத்தான்கள்: 'வருகிறேன்', 'தோதுப்பட்டால் வருகிறேன்', 'முடியாது'. போன வாரம் திருமதி எங்கபிரெட்சன் என்று ஒரு அம்மா வந்தார், சர்ச் சமையல் குழுவில் இருப்பவர். வியாழக்கிழமை அவருக்குப் பல் பிடுங்குகிறார்கள் என்று அவரே சொன்னார். சொல்லிக்கொண்டே வியாழனுக்கு நடுப்பொத்தானை அழுத்தினார். நான் விதிப்படி வாயைத் திறக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஏன் அதை அழுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா மூஞ்சியில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்றது? கூப்பிட்டவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். 'முடியாது' பொத்தானைத் தொட்டால் சுட்டுவிடும் என்பதுபோல விரலை இழுத்துக்கொள்கிறார்கள். எங்கள் முதலாளி கிரெக் கலிபோர்னியாக்காரர். தோதுப்பட்டால் என்று சொன்னவர் பெரும்பாலும் வந்துவிடுவார் என்று நம்பி, அத்தனை பேரையும் வருகிறவர் கணக்கில் சேர்க்கும்படி பக்கத்தைச் செய்துவைத்திருக்கிறார். நம்மூரில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு என்று நானும் மாயும் அரை நாள் விளக்கினோம். "அப்ப முடியாதுன்னே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், குழந்தை மாதிரி.

அம்மாவிடம்கூட யாரும் முடியாது என்று சொன்னதில்லை, கவனித்திருக்கிறாயா? அத்தை அந்தப் பக்கம் மூச்சை இழுத்துவிட்டு "தோதுப்பட்டா வர்றோம்" என்பாள். அந்த மூச்சிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிடும். "பரவால்ல, அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்று தானாகவே மாற்றிவிடுவாள். எங்கள் இணையப் பக்கத்துக்கு அந்தக் காது இல்லை.

உன் கடிதத்திலும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறாய். உன்னை மட்டும் கிரெக் போலவே வருகிறவர் கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறேன். புதுத் தாள்கள் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்.

ஒழுங்காகச் சாப்பிடு.

மார்னா

*

ரீட் ஏரி
மே 20, 2007

அன்புள்ள மார்னாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பனிக்கட்டி உருகி, டோரீனின் மகன்கள் வந்து படகுத்துறையைத் தண்ணீரில் இறக்கிக் கொடுத்தார்கள். நான் கரையில் நின்று அதிகாரம் செய்தேன்.

உங்கள் அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டதா? இந்தத் தடவை தாளின் நடுவில் எழுத்தே சரியாக விழவில்லை. கிரெக்கிடம் சொல்லி மை வாங்கிப் போடு.

நேற்றுச் சாயங்காலம் துறையின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கோடரி தண்ணீரில் விழுந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று காலால் துழாவிக்கொண்டிருந்தோம். நீ கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு "இன்னும் இடது பக்கம், இன்னும் இடது பக்கம்" என்று கத்தினாய். கோடரி வலது பக்கம்தான் கிடந்தது. ஆனால் அன்றைக்கு நீ கத்தியது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ்ஷை எடுத்து அப்படியே பாத்திரத்தோடு நடுவில் வைத்தாள். தட்டுக்குக்கூட யாரும் காத்திருக்கவில்லை. அந்த மாதிரி ஒரு பசி அப்புறம் எனக்கு வந்ததே இல்லை.

நீலுக்கு என் அன்பு.

லோவெல்

*

செயின்ட் பால்
ஜூன் 3, 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ கோடரியைப் பற்றி எழுதியதை நீலிடம் வாசித்துக் காட்டினேன். "இன்னிக்கும் நீ வழி சொன்னா அப்படித்தான் இருக்கு" என்கிறார்.

மை தீரவில்லை. வெளிர்ச் சாம்பல் நிறத்தில் எழுத்து இருந்தால் அழகு என்று இங்கே ஒருவர் பிடிவாதம் பிடித்தார், அதனால்தான். உன் கடிதத்தைக் காட்டி மாய் சண்டை போட்டு, எழுத்தைக் கறுப்பாகவும் பெரிதாகவும் ஆக்கிவிட்டாள். புதுத் தாள்களில் தெரியும்.

நீ படகுத்துறை பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய், கல்யாணத்துக்கு வருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. பாஸ்டர் கேட்கிறார், யாரோடு நடந்து வருவாய் என்று. அண்ணனோடு என்று சொல்லிவிட்டேன். கோட்டுக்கு உன் அளவு வேண்டும். பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வேறு ஓட்டுநர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? இருபது வருஷம் ஓட்டியவனுக்கு ஒரு நாள் விடமாட்டார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்னா

*

ரீட் ஏரி
ஜூலை 8, 2007

மார்னாவுக்கு,

நலம். பேனா கிடைக்கவில்லை, பெட்டிமேல் பெயர் எழுதும் தடிப் பேனாவால் எழுதுகிறேன். அதனால் சுருக்கமாக.

தாள்கள் வந்தன. நன்றாக இருக்கின்றன. எல்லாமே நன்றாக இருக்கின்றன.

கோட்டு என்னிடமே இருக்கிறது. அக்டோபர் தோதுப்படும் என்றுதான் நினைக்கிறேன்.

லோவெல்

*

செயின்ட் பால்
ஜூலை 22, 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை.

எங்கள் தொழிலில் 'எல்லாமே நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் சோதனையை முதலிலிருந்து மறுபடி நடத்துவோம். நிஜமாகவே நன்றாக இருந்தால் ஏதாவது குறை சொல்வார்கள். நீ குறை சொல்லாத பொருள் உலகத்திலேயே கிடையாது.

நீ இதுவரை அனுப்பிய தாள்களையெல்லாம் மேஜையில் பரப்பினேன். மாய் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, உங்க அண்ணன் மூலையில இருக்கறதை எல்லாம் சொல்லியிருக்கார். நடுவுல இருக்கற ஒண்ணைக்கூடச் சொல்லலை. பெரிய பொத்தான் மூணும் நடுவுலதானே இருக்கு?"

அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். நேரே பார்ப்பது மறைந்துபோய், ஓரம் மட்டும் தெரியுமாம்.

நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் கண் எங்கே போகிறது, விரல் எங்கே தயங்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சொந்த அண்ணன் நான்கு மாதமாகத் தாளில் காட்டியதைப் பார்த்து எழுத்தைக் கறுப்பாக்கினேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

லோவெல், உனக்குக் கண் தெரிகிறதா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

மார்னா

*

செயின்ட் பால்
ஆகஸ்ட் 19, 2007

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டேன். "இங்க நல்ல மழை" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்துக்கும் பதில் இல்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிடலாம் என்று இரண்டு தடவை சாவியைக் கையில் எடுத்தேன். வாசலில் என்னைப் பார்த்தால் நீ நலம் என்று சொல்லிக் காப்பி போடுவாய், அவ்வளவுதான் நடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நடுப்பொத்தானை எடுத்துவிட்டோம். முதலில் வந்தவர்களுக்குப் பெரிய திண்டாட்டம். இரண்டு பொத்தானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதையும் தொடாமலே எழுந்து போனார்கள். பிறகு 'முடியாது' என்பதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: 'எப்போது, எங்கே என்றால் முடியும்?' திருமதி எங்கபிரெட்சன் மறுபடி வந்தார். யோசித்து யோசித்து 'முடியாது' என்பதை அழுத்தி, கீழே 'வெள்ளிக்கிழமை, என் வீட்டில், கேக் செய்கிறேன்' என்று எழுதினார். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். கிரெக் கைதட்டிவிட்டார்.

நம்மில் யாருக்கும் முடியாது என்று சொல்வது பிரச்சினையில்லை அண்ணா, சொன்ன பிறகு கதவு சாத்திவிடுமோ என்பதுதான் பயம். ஒரு தாள் அனுப்புகிறேன், நானே கையால் எழுதியது. தாள் முழுக்க 'வருகிறேன்', 'முடியாது' என்று இரண்டே கட்டங்கள், கீழே அந்த ஒரு வரி, உள்ளங்கை அகல எழுத்து. எதில் வேண்டுமானாலும் குறி போடு, நான் கோபிக்க மாட்டேன். எதிலும் போடாமல் இருந்துவிடாதே.

மார்னா

*

ரீட் ஏரி
செப்டம்பர் 2, 2007

அன்புள்ள மார்னாவுக்கு,

கையெழுத்து டோரீனுடையது. வார்த்தை என்னுடையது. நடுவில் இனிப்பாக ஏதாவது வந்தால் அது அவள் சேர்த்தது. ஜூலையிலிருந்து உன் கடிதங்களை அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: நேரே தெரியவில்லை. ஓரம் தெரிகிறது. இனிமேல் திரும்பி வராது என்று ஃபார்கோவில் டாக்டர் சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஹால்வர்சன் வீட்டு நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தப் போனேன். நிறுத்தத்துப் பலகை தெரிந்தது, வேலி தெரிந்தது, நாய் தெரிந்தது. அந்தச் சின்னப் பெண் வண்டிக்கு நேர் முன்னால் நின்றிருக்கிறாள். அவள் பக்கவாட்டில் நகர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே ஏறினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நடை வேகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, உள்ளே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் எதையும் ஓட்டவில்லை. கால்பந்து ஆட்டம், வேறு ஓட்டுநர் எல்லாம் பொய்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அக்டோபர் ஆறு பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். நான் உன்னை அழைத்துப் போக வேண்டிய இடத்தில், அத்தனை பேர் முன்னால் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டு, நீ என்னை இழுத்துக்கொண்டு போவாய். அப்பா இடத்தில் நின்று அந்த வேடிக்கையைக் காட்ட எனக்கு மனசில்லை. நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

அதனால் தாளில் குறி போட்டுவிட்டேன். முடியாது, மார்னா. நம் குடும்பத்தில் இதை முதலில் எழுதியவன் நான்தான் என்று நினைக்கிறேன். கூரை இடிந்து விழவில்லை.

கீழே நீ கேட்டிருந்த வரிக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று டோரீன் நச்சரிக்கிறாள். எழுதிக்கொள்: எங்கே என்றால், இங்கே. சமையலறையிலிருந்து படகுத்துறை நுனி வரைக்கும் எனக்குக் கண் வேண்டாம். எந்தப் பலகை முனகும் என்று காலுக்கே தெரியும். கல்யாணம் முடிந்து எப்போதாவது நீயும் நீலும் வாருங்கள். எந்த நாளும் சரி.

(லோவெல் இதைச் சொல்லும்போது மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். குளிர் இன்னும் வரவில்லை. டோரீன்.)

அண்ணன்
லோவெல்

*

செயின்ட் பால்
செப்டம்பர் 9, 2007

அன்புள்ள அண்ணனுக்கு, இதை வாசிக்கும் டோரீனுக்கும்,

நாங்கள் நலம். நன்றாக அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

முடியாது என்று எழுதினாயே, அதற்கு நன்றி. நீ எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அதுதான்.

கல்யாணம் முடிந்து வரச் சொல்கிறாய். முடியாது. கல்யாணத்துக்கே அங்கே வருகிறோம். அதே ஆறாம் தேதி, சனிக்கிழமை, படகுத்துறையில். பாஸ்டரிடம் சொன்னேன், ஏரிக்கரை என்றால் தூண்டிலும் கொண்டு வரலாமா என்று கேட்டார். எல்லோருக்கும் எங்கள் இணையப் பக்கத்தின் வழியாகவே நாள் அனுப்பினேன். அத்தை மகள்கள், மாய், கிரெக், ஏன், திருமதி எங்கபிரெட்சன்கூட 'வருகிறேன்' என்று அழுத்திவிட்டார்கள். மோதிரம் மாற்றியதும் வந்தவர்கள் அத்தனை பேரும் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் துறையைக் கழற்றிக் கரையேற்ற வேண்டும். அழைப்பிலேயே போட்டுவிட்டேன். கிரெக் புது ரப்பர் காலணி வாங்கியிருக்கிறார். அம்மாவின் ஹாட்டிஷ்ஷுக்கு டோரீன் பொறுப்பு.

நீயும் நானும் சமையலறைக் கதவிலிருந்து நடப்போம். கல்யாணப் பெண்ணும் அவளை அழைத்து வருகிறவரும் எப்படியும் கை கோத்துக்கொண்டுதான் நடப்பார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவே போவதில்லை. அந்தத் துறையை விட்டு நான் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எந்தப் பலகை முனகும் என்று எனக்கு ஞாபகமில்லை. நீதான் என்னை அழைத்துப் போக வேண்டும்.

உதவி செய்யக் கூடாது என்ற விதியும் அன்றைக்கு இல்லை. படி வந்தால் படி என்று சொல்வேன். நான் இடது பக்கம் என்றால் மட்டும் நீ வலது பக்கம் போ.

இப்போது கேட்கிறேன். வருவாயா?

மார்னா

*

ரீட் ஏரி
செப்டம்பர் 16, 2007

மார்னாவுக்கு,

நலம். இது என் கையெழுத்துதான், தடிப் பேனா. வரி கோணினால் பொறுத்துக்கொள்.

வருகிறேன்.

நீலிடம் அந்தச் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல், அடையாளத்துக்கு. நீ பாஸ்டருக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு நேராக நிற்காதே. கொஞ்சம் ஓரமாக நில். அப்போதுதான் உன்னை எனக்கு முழுசாகத் தெரியும்.

லோவெல்